காய்ச்சலோடு ஸ்டார்ட் லைனுக்கு வந்தால் யார் பொறுப்பு? சின்ன மோட்டார் கிளப்புகளுக்கு ஓர் ஒப்பீடு

சேலத்தில் மோட்டார் கிளப் நடத்தும் நண்பர்கள் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமலே, ஒரே மாதத்தில் ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். இருவரும் கிளப் விதிகளைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். கொரோனா போல இன்னொன்று வந்தால் ராலிக்கு வருகிறவர்களின் உடம்புக்கு யார் பொறுப்பு என்று விதியில் எழுத வேண்டுமாம். "ஒரு பத்திதானேண்ணா, எழுதிக் குடுங்க" என்றார் ஒருவர். அந்த ஒரு பத்திக்காக அவருடைய கமிட்டியே இரண்டாகி நிற்கிறது. எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டால் கவலை இல்லை என்பது பொருளாளர் கட்சி. எத்தனை கையெழுத்து வாங்கினாலும் போலீஸ் என் வீட்டுக் கதவைத்தான் தட்டும் என்பது செயலாளர் கட்சி. இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

நான் வண்டி ஓட்டுகிறவன் இல்லை, பல வருட மார்ஷல். கொடி காட்டுவது, கடிகாரம் பார்ப்பது, டைம் கார்டில் நிமிடம் எழுதுவது என் வேலை. சாலையோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன சாய்வு இருக்குமோ அது இந்தக் கட்டுரையிலும் இருக்கும். சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

பேசப்போவது சின்ன பந்தயங்களைப் பற்றி மட்டும். ஏற்காட்டைச் சுற்றி வரும் 32 கிலோமீட்டர் வளையச் சாலையில் நடத்தும் டிஎஸ்டி ராலி ஒன்று. இதில் வேகத்துக்கு மதிப்பில்லை, சொன்ன இடத்தைச் சொன்ன நிமிடத்தில் தொட வேண்டும். காய்ந்த ஏரியிலோ காலி நிலத்திலோ மண் பறக்க ஓட்டும் ஆட்டோகிராஸ் இன்னொன்று. நாற்பது ஐம்பது வண்டி வரும். ஸ்பான்சர் என்றால் ஒரு டயர்க் கடையும் ஒரு பேக்கரியும்.

## ஒரு இருமல்

2021 தொடக்கத்தில், முதல் அலை ஓய்ந்து இரண்டாவது அலை வராத இடைவெளியில், இப்படி ஒரு ராலி நடந்தது. அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, வளையச் சாலையைச் சுற்றி, குப்பனூர் வழியாக இறங்கி அயோத்தியாப்பட்டணம் வர வேண்டும். மேலே ஒரு டைம் கன்ட்ரோலில், அதாவது வண்டி வந்த நிமிடத்தைக் குறிக்கும் இடத்தில், நான் இருந்தேன். ஒரு வண்டி வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது, ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் நேவிகேட்டர் கார்டை நீட்டினார், கூடவே இருமினார். "மலைக் குளிருங்க" என்று சிரித்தார். நிமிடம் எழுதி, என் பேனாவாலேயே அவரிடம் கையெழுத்தும் வாங்கி, கார்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

நாலாம் நாள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அவருக்குப் பாசிட்டிவ். ராலிக்கு முந்தின இரவே காய்ச்சல் இருந்திருக்கிறது. பிறகு ஏன் வந்தார் என்றால், என்ட்ரி ஃபீஸ் திரும்பக் கிடையாது. வண்டி நண்பருடையது, இவர் வராவிட்டால் அந்த நண்பரும் ஓட்ட முடியாது. 'எனக்கு நோய் அறிகுறி எதுவும் இல்லை, என் சொந்தப் பொறுப்பில் கலந்துகொள்கிறேன்' என்ற படிவத்தில் கையெழுத்தும் போட்டிருந்தார்.

அந்த வாரம் மார்ஷல்களில் மூன்று பேருக்கு வந்தது. அதில் ஒருவருடைய அம்மாவுக்கும் வந்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அவர் பிழைத்து வீடு திரும்பினார். ராலி என்றால் என்ன என்றே அந்த அம்மாவுக்குத் தெரியாது. எந்தப் படிவத்திலும் அவர் பெயர் இல்லை.

அந்த நேவிகேட்டரிடமிருந்துதான் பரவியது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நானும் அப்படிச் சொல்லவில்லை. டீக்கடையில் வந்திருக்கலாம், பஸ்ஸில் வந்திருக்கலாம். வண்டி கவிழ்ந்தால் பிரேக்கா, டயரா, ஓட்டியவரா என்று மறுநாள் பிரித்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். தொற்றில் அந்தப் பிரேதப் பரிசோதனை நடக்காது. அதனால் வந்த பிறகு யார் தலையில் போடுவது என்று விதி எழுதினால் அது வெறும் காகிதம். வருவதற்கு முன்னால் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதினால்தான் உபயோகம். கீழே உள்ள ஒவ்வொரு வழியையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

கையெழுத்துப் போடாதவர்களுக்கு என்ன காப்பு? என் எடைக்கல்லில் இதுதான் கனமானது. 2020 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஸ்டர்ஜிஸ் என்ற ஊரில் பெரிய மோட்டார் சைக்கிள் திருவிழா நடந்தது. போய்வந்தவர்களைப் பக்கத்து மாநிலமான மினசோட்டாவின் சுகாதாரத் துறை தேடிப் பிடித்துக் கணக்கெடுத்தது. அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 86 பேருக்குத் தொற்று. அவர்களில் திருவிழாவுக்குப் போனவர்கள் 51 பேர். மீதி 35 பேர் வீட்டிலும் வேலையிடத்திலும் அவர்களைச் சந்தித்தவர்கள். கவிழ்ந்து எலும்பு முறிவது ஓட்டுகிறவர் தானே ஏற்றுக்கொண்ட ஆபத்து. அந்த 35 பேர் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் யார் கையில்? அதைச் சொல்வதால் அவருக்குப் பண நட்டம் உண்டா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2020 மார்ச் 13 அன்று மெல்போர்னில் ஃபார்முலா ஒன் பந்தயம் ரத்தானது. மெக்லாரன் அணி ஊழியர் ஒருவருக்குத் தொற்று உறுதியாகி, அந்த அணி விலகிய பிறகும் இரவெல்லாம் பேச்சு நடந்தது. காலையில் ரசிகர்கள் கேட்டுக்கு வெளியே காத்திருந்தபோதுதான் அறிவிப்பு வந்தது. முந்தின நாள், இன்னும் ஏன் பந்தயம் நடக்கிறது என்று கேட்டதற்கு ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டன், காசுதான் ராஜா என்று பதில் சொல்லியிருந்தார். கோடிகள் புழங்கும் இடத்துக்கே அந்தக் கதி என்றால், பேக்கரி ஸ்பான்சரிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்ட நம் செயலாளர் எம்மாத்திரம்?

விதி உண்மையைப் பேச விடுகிறதா? காய்ச்சல் என்று சொன்னால் பணம் போகும் என்று இருந்தால் காய்ச்சலை யாரும் சொல்ல மாட்டார்கள்.

சட்டத்தின் முன் நிற்குமா? நான் வக்கீல் இல்லை. கிளப்புகள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்களை மட்டும் காட்டுகிறேன்.

மலை தாங்குமா? 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டில் ஒரு அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய காயம், மூச்சுத்திணறல் என்றால் சேலத்துக்குத்தான் இறக்க வேண்டும். ராலிக்கு ஒரே ஒரு ஆம்புலன்ஸ் வைத்திருந்து அது ஒருவரை ஏற்றிக்கொண்டு கீழே போனால், திரும்பி வரும்வரை மேலே யாரும் ஓட்டக் கூடாது. சாதாரண நாளிலேயே இதை மறக்கிறவர்கள் உண்டு.

## முதல் வழி: அவரவர் உடம்பு அவரவர் பொறுப்பு

படிவம் அடித்து, கையெழுத்து வாங்கி, கோப்பில் வைத்துவிடுவது. செலவு ஜெராக்ஸ் காசு. பழக்கமான முறையும்கூட. மோட்டார் ஸ்போர்ட் ஆபத்தானது, தெரிந்தேதான் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் எல்லாரும் ஹெல்மெட் மாட்டுகிறோம். ஆகவே தொற்றையும் அதே படிவத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு.

இதற்கு ஒரு நியாயமும் உண்டு. ஓட்டுகிறவருடைய உடம்பு ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். தொற்று இருக்கிறதா என்பதை நெற்றியில் துப்பாக்கி மாதிரி நீட்டும் வெப்பமானி சொல்லாது. கொரோனாவில் அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் பரப்ப முடிந்தது. காய்ச்சல் வந்து போனவர் மார்வலியோ படபடப்போ மிச்சம் வைத்திருக்கிறாரா என்பதும் அவர் வாயால் சொன்னால்தான் தெரியும். அந்த நோய்க்குப் பின் சிலருக்கு இதயத் தசையில் வீக்கம் வந்தது. ரேஸ் சூட்டுக்குள் வெந்து, இதயம் ஓடி அடித்துக்கொண்டிருக்கும்போது அது விளையாட்டில்லை.

ஆனால் படிவம் எங்கெல்லாம் ஓட்டையாகிறது பாருங்கள். ஒன்று, வயது. ஆட்டோகிராஸுக்கும் கார்ட்டிங்குக்கும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள். மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று 1903-ல் மொஹரி பீபி வழக்கில், அன்றைக்கு நமக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. அப்பா கையெழுத்துப் போட்டால் அது அப்பாவின் கையெழுத்துதான். இரண்டு, பொதுநலனுக்கு விரோதமான உடன்பாடு செல்லாது என்கிறது 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ம் பிரிவு. கிளப் தன் கவனக்குறைவுக்கும் சேர்த்து முன்கூட்டியே மன்னிப்பு வாங்கி வைத்திருந்தால் நீதிமன்றம் அதை அப்படியே ஏற்கும் என்று நம்பி உட்கார முடியாது. என்ட்ரி ஃபீஸ் கட்டியவர் தன்னை நுகர்வோர் என்று சொல்லிக்கொண்டு போனால், 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்றே ஒரு வரையறை இருக்கிறது. மூன்று, தொற்றுக் காலத்துக் கட்டுப்பாட்டை மீறினால் வரும் வழக்கு அரசு போடுவது. ஓட்டுநர் மன்னித்து எழுதிக் கொடுத்த காகிதத்தை அங்கே காட்ட முடியாது.

மறைந்திருக்கும் செலவு பெரும்பாலும் மார்ஷல் தலையில் விழுகிறது. ஒரு டி-ஷர்ட்டுக்கும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்துக்கும் வெயிலில் நிற்கும் கல்லூரிப் பையன்களிடம் நான் பார்த்த கிளப்புகள் எதுவும் படிவம்கூட வாங்கவில்லை. வாங்கினால் என்ன என்று கேட்காதீர்கள். அவர்கள் வீட்டுப் பாட்டியிடமும் வாங்குவீர்களா?

அறிகுறி இருந்ததை மறைக்காமல் சொன்னதற்கு ஒரு சாட்சியம் என்ற அளவில் படிவம் வேண்டும்தான். பொறுப்பு முழுவதையும் அதன் மேல் ஏற்றினால் தாங்காது. நோய் லேசானதாக, ஊரே இயல்பாக இயங்கும் காலத்தில், பெரியவர்கள் மட்டும் ஓட்டும், பார்வையாளர் இல்லாத ஒரு நாள் ஆட்டோகிராஸுக்கு இது போதும்.

## இரண்டாம் வழி: எல்லாம் கிளப்பின் பொறுப்பு

வருகிற எல்லாருக்கும் பரிசோதனை, டாக்டர், ஒன்றோடொன்று கலக்காத தனித்தனி வளையங்களாக ஆட்கள், வெளியாள் உள்ளே வராமல் காவல். 2020 ஜூலை 5 அன்று ஆஸ்திரியாவில் ஃபார்முலா ஒன் மறுபடி தொடங்கியபோது இப்படித்தான் செய்தார்கள். ஐந்து நாளுக்கு ஒரு முறை எல்லாருக்கும் சோதனை. ஓர் அணியின் ஆள் இன்னோர் அணியின் ஆளோடு பழகக் கூடாது. சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ அதற்கென்றே தன் விளையாட்டுச் சட்டத்தில் ஒரு பின்னிணைப்புச் சேர்த்தது. அத்தனை கட்டுக்காவலிலும் செர்ஜியோ பெரஸ் இரண்டு பந்தயம், ஹாமில்டன் ஒரு பந்தயம் தொற்றால் ஓட்ட முடியாமல் போனது. ஆனால் பந்தயம் நிற்கவில்லை. பிடிபட்டவர் தனியே போனார், மற்றவர்கள் ஓட்டினார்கள். வளையம் செய்கிற வேலை அதுதான்.

நம் ஊரில் கணக்குப் போடுங்கள். ஐம்பது வண்டிக்கு நூறு பேர், சர்வீஸ் ஆட்கள், மார்ஷல்கள், கமிட்டி எல்லாம் சேர்த்தால் இருநூறைத் தொடும். ஆர்டி-பிசிஆர் எடுத்தால் முடிவு வருவதற்குள் சிலருக்குப் புதிதாகத் தொற்றியிருக்கும். வாசலிலேயே ஆன்டிஜென் பார்த்தால் அறிகுறி இல்லாதவர்களில் பலரை அது கோட்டை விடும். 'நெகட்டிவ்' என்று ஒரு சீட்டு கையில் இருந்தால் மாஸ்க் தாடைக்கு இறங்கிவிடும், இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கிளப் இந்தப் பொறுப்பை வாயால் ஏற்றுக்கொண்ட நிமிடத்திலிருந்து அதைச் சரியாகச் செய்யும் கடமையும் வந்துவிடுகிறது. பாதிச் சோதனை செய்தவன் சோதனையே செய்யாதவனைவிட மாட்டிக்கொள்வான். போதாததற்குப் பதிவு செய்யாத கிளப்புகள் பல. வாட்ஸ்அப் குழுவும் ஒரு லோகோவும்தான் கிளப். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிந்திருந்தால் கிளப்புக்கென்று ஒரு பெயராவது இருக்கும். இல்லையென்றால் பணத்தைக் கையில் வாங்கியவர்தான் கிளப். செயலாளர் பயப்படுவதிலும் காரணம் இருக்கிறது. 2005-ம் வருடப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 58-ம் பிரிவில் 'கம்பெனி' என்ற சொல் தனிநபர்களின் கூட்டமைப்பையும் சேர்த்துக்கொள்கிறது. நடத்தியவர், பொறுப்பில் இருந்தவர் என்று ஆளைத் தேடித்தான் அது வரும்.

காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. பந்தயத்துக்கு எடுக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு விபத்துக்கு மட்டும்தான், நோய்க்கு அல்ல. பொதுப் பொறுப்புக் காப்பீட்டில் 2020-க்குப் பிறகு தொற்றுநோய் விலக்கு என்று ஒரு வரி பல பாலிசிகளில் ஏறிவிட்டது. ஏஜென்ட் 'எல்லாம் கவர் ஆகும் சார்' என்பார். அந்த வரியை நீங்களே தேடிப் படியுங்கள்.

இந்த வழி பலிக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரே கேட் உள்ள மூடிய டிராக். சேலத்தில் அது இல்லை. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. அங்கே ஒரு நாள் வாடகைக்கு எடுத்து இருபது வண்டியோடு ஓட்டினால் யார் உள்ளே, யார் வெளியே என்று எண்ண முடியும். ஏற்காட்டில் முடியாது. காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவரும் பள்ளிக்கூடப் பிள்ளையும் நடக்கும் சாலையைச் சுற்றி நீங்கள் எந்த வளையத்தைப் போடுவீர்கள்?

## மூன்றாம் வழி: மேலிடம் சொன்னபடி

இந்திய மோட்டார் விளையாட்டுக்கான தேசிய அமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் அனுமதி, கலெக்டர் அலுவலக அனுமதி, அரசின் வழிகாட்டு நெறிமுறை. அவர்கள் சொன்னதைச் செய்தோம், பொறுப்பு அவர்களுடையது என்று இருந்துவிடுவது. இதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. அனுமதி எப்படியும் வாங்கியே ஆக வேண்டும். பொது இடத்தில் மாநில அரசின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் வண்டிப் பந்தயமோ வேகச் சோதனையோ நடந்தால், நடக்க விட்டவரும் ஓட்டியவரும் குற்றவாளிகள் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ம் பிரிவு. மாவட்டப் பேரிடர் மேலாண்மைக்குத் தலைவரும் கலெக்டர்தான்.

ஆனால் அனுமதி என்பது நடத்தலாம் என்பதற்கான சீட்டு. எப்படி நடத்தினால் யாருக்கும் வராது என்று அதில் எழுதியிருக்காது. நெறிமுறை கல்யாண மண்டபத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் சேர்த்து எழுதப்படுவது. டைம் கார்டும் பொதுப் பேனாவும் அதில் வராது. இன்னொன்று, அது திடீரென்று மாறும். 2022 ஜனவரி 5 அன்று அரசு இரவு ஊரடங்கையும் ஞாயிறு முழு ஊரடங்கையும் அறிவித்தது, முதல் ஞாயிறு 9-ம் தேதி. நம் பந்தயமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. நாலு நாள் அவகாசத்தில் சாப்பாட்டு ஆர்டரையும் ஆம்புலன்ஸ் அட்வான்ஸையும் யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? மலைக்கு வர இ-பாஸ் வேண்டும் என்று இருந்த 2020-ல் வெளியூர் ஓட்டுநர்களுக்கு இன்னொரு தலைவலி.

இது அடித்தளம். இதற்கு மேல் மற்ற மூன்றில் ஒன்றைக் கட்ட வேண்டும். தனியாக இதையே நம்பலாம் என்றால் தேசிய சாம்பியன்ஷிப் சுற்று போல, அமைப்பே அதிகாரிகளையும் டாக்டரையும் அனுப்பும் பெரிய பந்தயங்களில்தான்.

## நான்காம் வழி: பொறுப்பைப் பிரித்து, நிறுத்தும் கையை வேறாக வைப்பது

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். யாருக்கு எது தெரியுமோ, யார் கையில் எது இருக்கிறதோ, அது அவருடைய பொறுப்பு.

ஓட்டுநருக்கும் நேவிகேட்டருக்கும் ஒரே கடமை, உள்ளதைச் சொல்வது. அதற்குக் கிளப் தரும் விலை, ஸ்டார்ட் வரைக்கும் எப்போது விலகினாலும் கேள்வி கேட்காமல் முழுப் பணமும் திரும்ப. இதைச் சொன்னதும் பொருளாளர்கள் பதறுகிறார்கள். வண்டியில் கிளட்ச் போனவனெல்லாம் காய்ச்சல் என்பானே என்று. சொல்வான். பொய்க் காய்ச்சலுக்குப் போகும் பணம், மெய்க் காய்ச்சலை வீட்டில் நிறுத்தி வைப்பதற்கு நாம் கட்டும் பிரீமியம். என்ட்ரியில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கி வைத்தால் சமாளிக்கலாம். வராத நேவிகேட்டருக்குப் பதில் வீட்டு ஆள் யாரையாவது உட்கார வைக்கவும் அனுமதியுங்கள். அடைத்த காருக்குள் ஏசி போட்டு ஐந்து மணி நேரம் இரண்டு பேர் உட்கார்வதுதான் ராலியிலேயே நெருக்கமான இடம். ஏற்கெனவே ஒரே கூரைக்குக் கீழ் இருப்பவர்கள் என்றால் புதிதாகச் சேர்கிற ஆபத்து குறைவு.

கிளப்பின் பொறுப்பு, பந்தயத்தின் வடிவம். கொரோனா திறந்தவெளியில் குறைவாகவும் மூடிய அறையில் அதிகமாகவும் பரவியது. ராலியில் ஆட்கள் ஒட்டி நிற்பது சாலையில் இல்லை, விதிகளை விளக்கும் பிரீஃபிங் ஹாலிலும் வண்டியைப் பரிசோதிக்கும் ஸ்க்ரூட்டினி வரிசையிலும் மத்தியானச் சாப்பாட்டிலும் பரிசளிப்பிலும்தான். பிரீஃபிங்கை முந்தின நாளே வீடியோவாக அனுப்பலாம். ஸ்க்ரூட்டினிக்கு வண்டிக்கு ஒரு நேரம் கொடுத்து, ஓட்டுநரை வெளியே நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். டைம் கன்ட்ரோலில் மார்ஷல் பலகையில் நிமிடத்தைக் காட்டுவார், நேவிகேட்டர் கண்ணாடியை இறக்காமல் தன் கார்டில் தானே எழுதிக்கொள்வார், மார்ஷல் தன் தாளில் குறித்துக்கொள்வார். ஒப்பிட்டால் ஏமாற்று தெரிந்துவிடும். சாப்பாடு பொட்டலம், அவரவர் வண்டியில். பரிசளிப்பு கிடையாது, கோப்பை வீட்டுக்கு வரும். முடிந்ததும் கூட்டமாகத் தட்டுவடை செட் சாப்பிடப் போகும் வழக்கத்தை மட்டும் எந்த விதி போட்டும் என்னால் தடுக்க முடியவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

மலைக் கிராமங்களுக்கு நாம் விருந்தாளிகூட இல்லை, யாரும் கூப்பிடாமல் போகிறோம். வழியில் நிறுத்தம், டீ, வேடிக்கைக் கூட்டம் எதுவும் வேண்டாம். மார்ஷல்கள் சொந்த வண்டியில் போகட்டும். அவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கிளப் செலவில்.

மூன்றாவது பங்கு, இந்த வழியின் உயிர்நாடி. சுகாதாரப் பொறுப்பாளர் என்று ஒருவர். அவர் ஓட்டக் கூடாது, கணக்குப் பார்க்கக் கூடாது, ஸ்பான்சருக்கு மாமன் மச்சானாக இருக்கக் கூடாது. டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரு டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யத் தெரிந்தால் போதும். நிறுத்து என்று அவர் சொன்னால் நின்றுவிட வேண்டும். பந்தயத்தை நடத்தும் தலைமை அதிகாரியான கிளர்க் ஆஃப் த கோர்ஸ்கூட அதற்கு மேல் பேசக் கூடாது. எந்த நிலை வந்தால் நிறுத்துவார் என்பதை என்ட்ரி திறக்கும் முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும், அன்றைக்குக் காலையில் யார் குரல் பெரிது என்று பார்க்கும்படி விடக் கூடாது.

இதன் மறைமுகச் செலவு மனஸ்தாபம். மூன்று மாதம் வண்டி தயார் செய்தவனை அடிவாரத்தில் நிறுத்தித் திருப்பி அனுப்பினால், அந்தப் பொறுப்பாளரோடு ஒரு வருடம் பேச மாட்டான். ஸ்பான்சர் ஒப்பந்தத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எழுதாமல் விட்டால் அந்தச் சண்டை தனி.

## ஐந்தாம் வழி: நடத்தாமல் விடுவது

2021 மே மாதத்தில் சேலம் உருக்காலை வளாகத்தில் ஆக்சிஜன் வசதியோடு 500 படுக்கை போட்டார்கள். ஊர் அப்படி இருந்தபோது பந்தயத்தில் ஒருவர் கால் முறிந்து ஒரு படுக்கையை எடுத்துக்கொண்டால் அது யாருடைய படுக்கை? கிளப் வாடகைக்குப் பிடித்து வைக்கும் ஆம்புலன்ஸ் அன்றைக்கு வேறு யாருக்குக் கிடைக்காமல் போகிறது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல முடியாத வாரத்தில் மற்ற வழிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சும்மா இருப்பதற்கும் செலவு உண்டு. கிளப் பந்தயம் இல்லாத வருடத்தில் பையன்கள் சும்மா இருப்பதில்லை. ஞாயிறு விடியலில் கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் பைக்குகள் சேரும். கொண்டை ஊசி வளைவுகளில் ஆம்புலன்ஸும் இல்லை, எதிரே வரும் பால் வண்டியை நிறுத்த மார்ஷலும் இல்லை. தள்ளிவைப்பவர்கள் இதையும் கணக்கில் எழுத வேண்டும். தனியாக வீட்டு வாசலிலிருந்தே ஓட்டி, ஜிபிஎஸ் பதிவை அனுப்பும் நேரக் கணக்குப் போட்டி மாதிரி ஏதாவது கொடுத்தால் கொஞ்சம் பேராவது பிடிபடுவார்கள்.

தள்ளிவைப்பது சீக்கிரம் செய்தால் மலிவு. மூன்று வாரம் முன்னால் என்றால் ஒரு அறிவிப்பு, முந்தின நாள் என்றால் ஐம்பது வீட்டுச் சண்டை.

## ஒரே பார்வையில்

| | அவரவர் பொறுப்பு | கிளப் பொறுப்பு | மேலிடம் சொன்னபடி | பிரித்த பொறுப்பு | நடத்தாமை |
|---|---|---|---|---|---|
| கையெழுத்துப் போடாதவர் காப்பு | இல்லை | மூடிய டிராக்கில் உண்டு | ஓரளவு | பெருமளவு | முழுமை, களவுப் பந்தயம் நீங்கலாக |
| நிறுத்தும் கை | யாரும் இல்லை | பணம் போட்டவர் | அரசு, கடைசி நேரத்தில் | பண நட்டம் இல்லாதவர் | கேள்வி இல்லை |
| உண்மை வெளிவருமா | வராது | சோதனை பிடித்த அளவு | வராது | பணம் திரும்பினால் வரும் | தேவை இல்லை |
| முன்செலவு | மிகக் குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம் | விட்ட அட்வான்ஸ் |
| ஒளிந்திருக்கும் செலவு | மார்ஷலும் வீட்டாரும் | கூடுதல் சட்டக் கடமை | நாள் மாற்றம் | மனஸ்தாபம், ஒதுக்குப் பணம் | மலையில் திருட்டு ஓட்டம் |

## எனவே எந்த நிலையில் எது

தொற்று ஊரில் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் இடமும் இருக்கிறது, ஏற்காடு போல ஆள் வாழும் சாலையில் ராலி என்றால் நான்காம் வழி. அதே காலத்தில் செட்டிபாளையம் போல மூடிய டிராக்கும் கையில் பணமும் இருந்தால் இரண்டாம் வழி. சோதனைக்குப் பணம் போதவில்லை என்றால் பாதிச் சோதனை செய்யாமல் நான்காம் வழிக்கே திரும்புங்கள். நோய் தணிந்து வழக்கமான சளிக்காய்ச்சல் அளவுக்கு வந்துவிட்டால் முதல் வழியின் படிவம், கூடவே பணம் திரும்பும் விதியும். படுக்கைக்கு ஆள் அலையும் வாரத்தில் ஐந்தாம் வழி. அனுமதி இந்த எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும்.

நண்பர் கேட்ட பத்தியை எழுதிக் கொடுத்தேன்: "போட்டியாளர் தம் உடல்நிலையை மறைக்காமல் சொல்வார், சொல்லி விலகினால் கட்டணம் முழுதும் திரும்பும். தொற்று பரவாத வகையில் பந்தயத்தை அமைப்பது கிளப்பின் பொறுப்பு. மார்ஷல்களும் இதில் அடங்குவர். சுகாதாரப் பொறுப்பாளர் எந்நேரமும் நிறுத்தலாம். அவர் முடிவுக்கு மேல்முறையீடு இல்லை."

கமிட்டியில் வைத்தார்கள். முதல் மூன்று வாக்கியம் கால் மணி நேரத்தில் நிறைவேறியது. சுகாதாரப் பொறுப்பாளர் பற்றிய கடைசி இரண்டும் நிறைவேறின. ஆனால் அந்தப் பொறுப்பாளர் யார் என்று கேட்டபோது எல்லாரும் செல்போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்களாம். கடைசியில் முன்மொழியப்பட்ட பெயர்கள் இரண்டு. ஒருவர் போன சீசன் சாம்பியன், அவர் ஓட்டுகிறவர். இன்னொருவர் பொருளாளர். இடம் இன்னும் காலியாக இருக்கிறது.